செத்த பிக்கப்புக்குக் காயில் கட்டுவது எப்படி

ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன், கொருக்குப்பேட்டையில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவன். ஆகவே வண்ணாரப்பேட்டை முதல் எண்ணூர் வரை யார் எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பாகம், போனாலும் கடைசியில் என் மேஜைக்கு வந்துவிடுகிறது. வருகிறவர்கள் எல்லோரும் "புதுசு போட்டுடலாமாண்ணா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் தேவையில்லை. காயில் கட்டத் தெரிந்த எவனும் பிக்கப் கட்டலாம். மோட்டார் வேலைப் பழக்கத்தில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றிப் போடுவது என்று தெரிந்தால் போதும். காயிலே கட்டிப் பழகாதவர்களுக்குக் கூடுதலாகப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி கனத்துக்கு எனாமல் பூசிய காப்பர் ஒயரும்தான். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், காயிலில் சின்னதாக ஒரு வோல்டேஜ் பிறக்கும். ஃபாரடே 1831-ல் காட்டிய அதே சங்கதி. தேய்கிற பாகம் எதுவும் கிடையாது. அப்படியானால் செத்துப்போவது எதனால்? ஒயர் எங்கோ அறுந்திருக்கும், அல்லது சால்டர் விட்டிருக்கும். எங்கள் பக்கம் கடல் காற்று வேறு. உப்பும் கை வியர்வையும் உள்ளே இறங்கிக் காந்தக் கட்டைகள் துருப்பிடிக்கும், ஒயர் பச்சை பூத்து ஒரு இடத்தில் அற்றுப்போகும்.

முதலில் மல்டிமீட்டர். பிக்கப் ஒயரை சுவிட்சிலிருந்து கழற்றிவிட்டு 20 கிலோ ஓம் ரேஞ்சில் பாருங்கள். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) வகை சிங்கிள் காயில் என்றால் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டும். இரண்டு காயில் சேர்ந்த பழைய பாணி ஹம்பக்கர் 7 முதல் 9 வரை. மீட்டரில் இடது பக்கம் வெறும் 1 நின்றால் காயில் ஓப்பன், அதாவது எங்கோ அறுந்திருக்கிறது. இன்னொன்று, காப்பரின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி சூட்டுக்கு 0.4 சதவீதம் போல ஏறும். 20 டிகிரி அறையில் 6 கிலோ ஓம் காட்டுகிற பிக்கப் எங்கள் ஊர் 35 டிகிரியில் 6.35 காட்டும். "டப்பாவில் போட்ட நம்பரும் மீட்டர் நம்பரும் ஒத்துப்போகவில்லை, ஏமாற்றிவிட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஓப்பன் என்று தெரிந்தவுடன் பிளேடை எடுக்கவும் வேண்டாம். காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான், "அண்ணா, நடு பிக்கப் மட்டும் பேசவே மாட்டேங்குது" என்று. மூடியைக் கழற்றி, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காயில் ஒயர் வந்து முடிகிற பித்தளைக் கண்ணுக்குச் சற்று முன்னால் நுனி பச்சையாக இருந்தது, கண்ணோடு ஒட்டாமல் காற்றில் நின்றது. வெளிச்சுற்றில் இரண்டு சுற்று பிரித்து, நல்ல செம்பு தெரிகிற இடம்வரை வெட்டி, எனாமலைச் சுரண்டி சால்டர் வைத்ததும் மீட்டர் 5.8-க்கு வந்துவிட்டது. "அவ்ளோதானாண்ணா?" "அவ்ளோதான், டீ சொல்லு." வெளிமுனை அறுந்த பிக்கப்புகளுக்கு இதுவே போதும். உள்முனை, அதாவது காந்தத்தை ஒட்டி ஆரம்பிக்கிற முனை போயிருந்தால்தான் முழுக் காயிலையும் கட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் குறிப்பு எடுங்கள். போனில் நான்கு பக்கமும் படம். ஒயர் எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது, எந்தக் கண்ணில் ஆரம்பம், மேல் முகத்தில் காந்தத்தின் வடக்கா தெற்கா என்று காம்பஸ் வைத்து ஒரு சோதனை. மூன்று பிக்கப் கிட்டார்கள் பலவற்றில் நடுவில் இருப்பதற்கு மட்டும் சுற்றும் காந்தமும் தலைகீழாக இருக்கும், இரைச்சல் அடங்குவதற்காக. இதைக் கவனிக்காமல் கட்டினால் தனியாக நன்றாகப் பாடும் பிக்கப், பக்கத்து பிக்கப்போடு சேர்ந்ததும் மூக்கால் அழும்.

பிறகு நீளப் பக்கத்தில் பிளேடால் காயிலைக் கீறி உரித்து எடுங்கள். ஸ்ட்ராட் வகையில் ஆறு ஆல்னிகோ (ஒரு வகைக் காந்த உலோகக் கலவை) கட்டைகள் மேலும் கீழும் உள்ள ஃபைபர் தட்டில் வெறுமனே இறுக்கி நிற்கின்றன. எந்தக் கட்டையையும் தட்டி அசைக்காதீர்கள். மலிவு கிட்டார்களில் ஒயர் சுற்றும் பிளாஸ்டிக் கூடு (பாபின்), இரும்புக் கட்டைகள், அடியில் ஒட்டிய செராமிக் காந்தம் என்று இருக்கும், அது வேலைக்கு இன்னும் சுலபம். தட்டு வளைந்தோ வெடித்தோ இருந்தால் வைண்டிங் கடையில் கிடைக்கும் கனமான ஃபைபர் ஷீட்டில் அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

மோட்டார் வேலையிலிருந்து வைத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று: உரித்த செம்பைத் தூக்கிப் போடாமல் எடை போடுவது. ஸ்ட்ராட் பிக்கப்பில் சுமார் 30 கிராம் இருக்கும், நீட்டினால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். முன்னால் கட்டியவர் எவ்வளவு சுற்றினார் என்று இதிலிருந்தே தோராயமாகப் பிடித்துவிடலாம்.

ஒயர் வாங்குவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். கிட்டார் உலகம் முழுக்க "42 கேஜ்" என்று பேசும். அது அமெரிக்கக் கணக்கு, ஏ.டபிள்யூ.ஜி.; செம்பின் விட்டம் 0.063 மி.மீ. நம் கடைகளில் கேஜ் என்றால் பிரிட்டிஷ் கணக்கு, எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 42 என்பது 0.10 மி.மீ. அதை வாங்கி வந்தால் பாதிச் சுற்று ஏறுவதற்குள் பாபின் நிரம்பிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது 46, அதாவது 0.061 மி.மீ. கிட்டத்தட்ட அதுவேதான். பாரிமுனைப் பக்கம் வைண்டிங் ஒயர் விற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எடைக்குத்தான் தருவார்கள். அரை கிலோ ரீல் வாங்கினால் பதினைந்து பிக்கப்புக்கு வரும். சால்டர் சூட்டிலேயே உருகும் பாலியூரித்தேன் எனாமல் கிடைத்தால் அதையே எடுங்கள். இந்தக் கனத்தில் உப்புத்தாள் போட்டுச் சுரண்டுவது கண்ணுக்கும் நரம்புக்கும் சோதனை. ஃபேன் ஒயரில் முயற்சி செய்யாதீர்கள், அது ரொம்பத் தடிமன்.

மிஷின் பெரிதாக எதுவும் வேண்டாம். காலில் மிதிக்கும் ஸ்பீடு கன்ட்ரோலோடு ஒரு தையல் மிஷின் மோட்டார், அதன் தண்டில் வட்டமாக வெட்டிய ஹைலம் ஷீட் (கெட்டியான லேமினேட் பலகை), அதன்மேல் டபுள் சைடு டேப்பில் பிக்கப். சுற்று எண்ண ஒரு மலிவான கால்குலேட்டரைப் பிரித்து, சமம் பட்டனின் இரண்டு புள்ளிகளிலும் காந்தம் கிட்டே வந்தால் தானே மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் ஒன்றை சால்டர் செய்யுங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும். ஹைலம் வட்டில் ஒரு குட்டிக் காந்தம் ஒட்டி, 1 + 1 அழுத்திவிட்டால், வட்டு சுற்றச் சுற்ற எண் ஏறும். எங்கள் கடையில் ஃபேன் காயில் கட்டும் கைமிஷினில் கவுண்ட்டர் இருப்பதால் நான் அதிலேயே சுற்றுகிறேன். மெதுவாகத்தான் போகும், எனக்கு அவசரமில்லை.

ரீலைத் தரையில் நிமிர்த்தி நிற்க வையுங்கள். ரீல் சுழலக் கூடாது, ஒயர் அதன் மேல் விளிம்பு வழியாக உருவிக்கொண்டு வர வேண்டும். விளிம்பில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் அறுக்கும், முதலிலேயே தேய்த்து மழுக்கிவிடுங்கள். காந்தக் கட்டைகளைச் சுற்றி மெல்லிய டேப் ஒரு சுற்று. ஆரம்ப முனையைக் கண்ணில் சால்டர் செய்து, முதல் ஐம்பது சுற்றைக் கையாலேயே உருட்டிப் போடுங்கள், அதற்குப் பிறகு மிதியுங்கள்.

ஃபேனை அணைத்துவிடுங்கள். இந்த ஒயர் காற்றில் பறக்கும். மே மாதத்தில் இதைச் சொல்வது கொடுமைதான், தெரியும். விரல் வியர்வை ஒயரில் பட்டால் இன்னும் சில வருடத்தில் அதே பச்சை திரும்பி வரும். அதனால் நான் விடிகாலையில்தான் இந்த வேலைக்கு உட்காருவேன், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு துண்டு ஃபெல்ட் வைத்துக்கொண்டு. ஒயர் அதன் வழியே ஓடும்போது இழுப்பு தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. இறுக்கினால் ஒயர் நீண்டு மெலியும், ரெசிஸ்டன்ஸ் ஏறும், கடைசியில் அறும். தளர்த்தினால் காயில் உப்பிக்கொண்டு மூடிக்குள் போகாது, சத்தம் கூட்டினால் விசிலும் அடிக்கும். ஆயிரம் சுற்றுக்குள் அறுந்தால் உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கு மேல் என்றால் இணைத்து, சால்டர் வைத்து, பொடி டேப் ஒட்டித் தொடரலாம், காதுக்குத் தெரியாது.

மோட்டார்க்காரர்கள் மறக்க வேண்டியது இங்கேதான் வருகிறது. சுற்றுக்குப் பக்கத்தில் சுற்று அடுக்கி, வரிசை குலையாமல் கட்டச் சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிக்கப்பில் அந்த ஒழுங்கு வேண்டாம். கையை மேலும் கீழும் கொஞ்சம் தாறுமாறாக ஓட்டுங்கள். சுற்றுகள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்தால் அவற்றுக்கிடையே கெப்பாசிட்டன்ஸ் குறையும், மேல் ஸ்தாயி தெளிவாக வரும். கையால் கட்டின பழைய பிக்கப்புகளின் ருசியில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் விளிம்பில் குவியக் கூடாது, நடுவிலும் மேடு தட்டக் கூடாது.

எத்தனை சுற்று? உங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இதில்தான் இருக்கிறது. ஸ்ட்ராட் வகைக்கு 8,000 நடுநிலை. 7,500-ல் நிறுத்தினால் சத்தம் சற்றுக் குறையும், கணீரென்று இருக்கும். 8,500-க்குப் போனால் பலம் கூடும், உச்சம் மழுங்கும். ஹம்பக்கர் என்றால் காயிலுக்கு 5,000 அளவில், இரண்டும் எதிரெதிராக. கிப்சன் கிட்டார் கம்பெனியில் இருந்த செத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஏற்பாடு அது. கானா குழுக்களில் வாசிக்கும் பையன்கள் "நல்லா ஹாட்டா கட்டுங்க" என்பார்கள், அதாவது சுற்றுக் கூட்டி, பலமாக. மேடையில் தவிலும் பேண்டும் கீழ் ஸ்தாயியை நிரப்பிவிடும். அங்கே மழுங்கிய கிட்டார் காணாமலே போகும். அவர்களுக்கும் 8,000-க்கு மேல் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். கணீரும் வேண்டும், பலமும் வேண்டும் என்பவர்களுக்கு 6,500-ல் ஒரு முனையை வெளியே எடுத்து, மிச்சத்தைக் கட்டி, சின்ன சுவிட்ச் போட்டுக் கொடுக்கலாம். கணக்கை எப்போதும் சுற்றில் வையுங்கள், ஓமில் வைக்காதீர்கள்; ஓம் சூட்டுக்கும் இழுப்புக்கும் மாறும்.

முடிவு முனையை சால்டர் செய்து, டேப் சுற்றி, மீட்டர் பாருங்கள். சரியாக இருந்தால் மெழுகு. மோட்டாருக்குப் போடும் வார்னிஷ் பக்கமே போகாதீர்கள், காய்ந்துவிட்டால் இன்னொருவர் பிரிக்க முடியாது. பாரஃபின் நாலு பங்கு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தேன்மெழுகு ஒரு பங்கு. பெரம்பூர் லூர்து மாதா கோயில் வாசலில் விற்கிற மாதிரி வெள்ளை மெழுகுவர்த்தியே பாரஃபினுக்குப் போதும், கலர் வேண்டாம். நேரடி நெருப்பில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, தெர்மாமீட்டரில் 65 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் பிளாஸ்டிக் பாபின் கோணும். பிக்கப்பை இறக்கியதும் பொடிப் பொடியாகக் குமிழி வரும். குமிழி நின்றால், பதினைந்து இருபது நிமிடத்தில், எடுத்துத் துடைத்துவிடலாம். அடுப்பை விட்டு நகராதீர்கள்.

மாட்டுவதற்கு முன் முள் மீட்டரைக் குறைந்த ரேஞ்சில் வைத்து, ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தில் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். மற்ற பிக்கப்புகளில் முள் எந்தப் பக்கம் துள்ளுகிறதோ, இதிலும் அதே பக்கம் துள்ள வேண்டும். மாறினால் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிவிடுங்கள், அடித்தட்டு எர்த்தில் சேர்ந்திருந்தால் அதை மட்டும் பிரித்துத் தனியாக எர்த் கொடுத்துவிட்டு.

உயரம்: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, தடிக் கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ. இடைவெளி. ஆல்னிகோ கட்டையை அதைவிடக் கிட்டே கொண்டுபோனால் காந்தம் கம்பியையே இழுத்து சுருதி ஊசலாடும். சிங்கிள் காயில் கொஞ்சம் 'உம்' என்று இரையத்தான் செய்யும், அது கட்டினவர் குற்றமில்லை. கம்பியைத் தொட்டால் சுர்ரென்று அடித்தால் மட்டும் உடனே ஆம்பை அணையுங்கள். எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் எங்கள் ஏரியா வீடுகளில் நிறைய. அது பிக்கப் வேலையில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய வேலை.