செப்பாங்கில் முதல் வார இறுதி: மோட்டார் சைக்கிள் ரேஸ் பழக வருபவருக்குச் சில குறிப்புகள்

முதல் வார இறுதியில் சுற்று நேரம் அளக்கும் லேப் டைமரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மலேசியாவின் செப்பாங் சர்க்யூட் 5.543 கி.மீ. நீளம், 15 வளைவுகள். அவற்றில் 10 வலப்பக்கம், 5 இடப்பக்கம். புதியவர் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் வரை எடுத்துக்கொள்வார். 20 நிமிட செஷனில் உருப்படியாகக் கிடைப்பது ஐந்தாறு சுற்றுதான். மீதி நேரம் மோட்டாரை நிறுத்தி வைக்கும் பிட்டில் கழியும். அங்கே நோட்டுப் புத்தகமும் டயர் காற்று மீட்டரும் கையில் இருந்தால் அந்த ஐந்தாறு சுற்றில் ஏதாவது மனதில் நிற்கும். இல்லையென்றால் பெட்ரோலும் டயரும் தேய்ந்ததுதான் மிச்சம்.

உலு யாம், காராக் சாலைகளில் வேகமாக ஓட்டிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். சாலையில் ரேஸ் விடும் ரெம்பிட் கூட்டத்தோடு வந்த தைரியத்தைச் சர்க்யூட்டில் முதலில் மறக்க வேண்டும். கப்சாயில் (சின்ன மோட்டாரில்) கற்றுக்கொண்ட லாவகம் மட்டும் கூட வரட்டும்.

வியாழக்கிழமைக்குள் மோட்டார் தயாராக இருக்க வேண்டும்

வெள்ளி இரவு போர்மன் (மெக்கானிக்) கடையில் நின்றுகொண்டு, "அண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று கெஞ்சும் நிலை வேண்டாம். 250 சிசி மோட்டார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம்.

பிரேக் எண்ணெய்தான் முதல் வேலை. டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் எண்ணெய் தானாகவே நீரை உறிஞ்சும். சாலையில் இது தெரியாது. மெயின் ஸ்ட்ரெய்ட் முடிவில் நாலைந்து சுற்று தொடர்ந்து அழுத்திப் பிடித்த பிறகுதான் தெரியும்: உள்ளே குமிழி உருவாகி, லீவர் கைப்பிடிவரை மெத்தென்று வரும். அதனால் எண்ணெயை முழுதாக மாற்றி, குமிழி வருவது நிற்கும்வரை ப்ளீட் செய்யுங்கள், அதாவது உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுங்கள். இரவு லீவரை ரப்பரால் இழுத்துக் கட்டி வைத்தால் மிச்சமிருக்கும் சின்னக் குமிழிகளும் மேலேறிவிடும். பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதிதாகப் போடுங்கள்.

ரேடியேட்டரில் பச்சைக் கூலண்ட் இருந்தால் வடித்துவிட்டுக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். கூலண்டில் உள்ள கிளைகோல் டிராக்கில் சிந்தினால் வழுவழுவென்று ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் லேசில் போகாது. உங்களுக்குப் பின்னால் வருபவர் அதில் விழுவார். வெறும் நீர் கொதித்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். மூடியின் ரப்பர் நன்றாக இருந்து அழுத்தம் நிற்கும்வரை நீரின் கொதிநிலை 100-க்கு மேலேயே இருக்கும். மூடி பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது லாக்வயர். எண்ணெய் வடிக்கும் போல்ட், எண்ணெய் ஊற்றும் மூடி, ஆயில் ஃபில்டர் மூன்றும் அவிழாதபடி 0.8 மி.மீ. துருப்பிடிக்காத கம்பியால் கட்ட வேண்டும். போல்ட் தலையில் 1.5 மி.மீ. துளை போதும். துளை போடும் ட்ரில் ஊசி உடைவதுதான் இதில் வழக்கமான தொல்லை. ட்ரில்லை மெதுவாகச் சுற்றவிடுங்கள், எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள், அடிக்கடி வெளியே எடுத்துத் துகளைத் துடையுங்கள். துளை போட்ட போல்ட்டே கடையில் கிடைத்தால் அதை வாங்குவது புத்திசாலித்தனம். கம்பி எப்போதும் போல்ட்டை இறுக்கும் திசையில் இழுக்க வேண்டும். தலைகீழாகக் கட்டினால் கட்டியும் பயனில்லை. ஃபில்டரில் துளை போட முடியாது. அதைச் சுற்றி ஹோஸ் கிளிப்பை இறுக்கி, கிளிப்பை அசையாத ஓரிடத்தில் கட்டுங்கள்.

செயினைக் கம்பிபோல் இறுக்குவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. ஆள் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். அந்தப் பளு கியர்பாக்ஸ் பேரிங்கில்தான் விழும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அதிகம் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மேனுவல் சொல்லும் அளவு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் ஓரிரு மி.மீ. தொய்வாக இருக்கட்டும்.

கண்ணாடிகளையும் நம்பர் பிளேட்டையும் கழற்றுங்கள், விளக்குகள்மேல் டேப் ஒட்டுங்கள். இது பத்து நிமிட வேலை.

டயர் காற்று: இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்

யமஹா ஆர்25-க்குச் சாலையில் முன் 29, பின் 36 பிஎஸ்ஐ. அதே காற்றோடு டிராக்கில் இறங்கினால் என்ன ஆகும்? காலை 30 டிகிரியில் 29 வைத்த டயர், உள்ளே 70 டிகிரி ஏறும்போது 35-ஐத் தொடும். டயர் பந்துபோல் உப்பி, தரையில் படும் பரப்பு சுருங்கும். பிடிப்பு போகும். 25-இல் தொடங்கினால் அதே வெப்பத்தில் 30 காட்டும். உங்கள் டயர் கம்பெனி டிராக்குக்கு என்ன சூடான அழுத்தம் சொல்கிறது என்று கேட்டுக்கொண்டு, அந்த எண்ணைப் பிடிக்கப் பாருங்கள். குளிர்ந்த எண் அதற்கான வழி மட்டும்தான்.

செஷன் முடிந்து பிட்டுக்குள் வந்ததும் ஹெல்மெட் கழற்றுவதற்கு முன்பே அளக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் போனாலே எண் இறங்கிவிடும். மீட்டர் எப்போதும் ஒன்றே இருக்கட்டும். பெட்ரோல் ஸ்டேஷன் மீட்டரையும் நண்பனின் மீட்டரையும் கலந்து எழுதிய கணக்கு குப்பைக்குத்தான் போகும். மோட்டாரை ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு சக்கரம் வெயிலிலும் மறு சக்கரம் நிழலிலும் விட்டுவிட்டு அளந்தாலும் கணக்குத் தப்பும்.

டயர் ஓரத்தில் தேயாமல் நிற்கும் பட்டையைப் பார்த்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அந்தப் பட்டையைத் தேய்ப்பதற்காக மோட்டாரைச் சாய்ப்பவர்தான் முதலில் விழுகிறார்.

ஏற்றிக்கொண்டு போவது

கோலாலம்பூரிலிருந்து மெக்ஸ் நெடுஞ்சாலையிலோ எலிட்டிலோ விமான நிலையப் பக்கம் போனால் சர்க்யூட் வந்துவிடும். மோட்டாரை ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். விழுந்து கிளட்ச் லீவர் முறிந்தால் எதில் திரும்புவீர்கள்? வேனோ ஹைலக்ஸ் பிக்கப்போ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முன்பக்க ராட்செட் பெல்ட் இரண்டையும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடிக்கும் அடித்தட்டில் மாட்டி, ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இறுக்குங்கள். கைப்பிடி நுனியில் மாட்டினால் வழியில் வளைந்துவிடும். பின்பக்கம் இரண்டு, ஆடாமல் இருக்கும் அளவுக்கு மட்டும். டோல் சாவடி தாண்டியதும் ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். முதல் சில கிலோமீட்டரில் பெல்ட் எப்போதும் கொஞ்சம் தளரும்.

சனிக்கிழமை: செஷனுக்கு ஒரே ஒரு வேலை

முதல் செஷனில் மூன்றாம், நான்காம் கியர் மட்டும். பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஓட்டுங்கள். கொடி காட்டும் இடங்கள் எங்கெங்கே என்று மட்டும் பாருங்கள். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் இரண்டாம் செஷனுக்குள் அது மனதில் பதிந்திருக்க வேண்டும். மஞ்சள் ஆடினால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரையில் எண்ணெயோ வேறு வழுக்கலோ. வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி என்றால் அந்தப் பகுதியில் மழைத்தூறல். சிவப்பு என்றால் செஷன் நிற்கிறது. அப்போது சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள், பின்னால் வருபவர் கொடியைப் பார்த்திருக்க மாட்டார். கையை உயர்த்தி, மெல்ல வேகம் குறைத்துப் பிட்டுக்கு வாருங்கள். கருப்பில் ஆரஞ்சு வட்டமும் உங்கள் எண்ணும் தெரிந்தால் உங்கள் மோட்டாரில்தான் கோளாறு. உடனே ஓட்டப்பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கி டிராக்கிலிருந்து வெளியேற வேண்டும். எண்ணெய் ஒழுக ஒழுகப் பிட் வரை ஓட்டி வருவது எல்லாருக்கும் கெடுதல்.

இரண்டாம் செஷன் பிரேக். மணிக்கு 150 கி.மீ.யில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 42 மீட்டர் போகிறீர்கள். அரை விநாடி தயங்கினால் 20 மீட்டர் போய்விடும். அதனால் "கொஞ்சம் முன்னாடி பிடிக்கணும்" என்ற கணக்கெல்லாம் உதவாது. ஓரத்தில் நகராத ஒரு பலகையையோ கம்பத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். நிழலைக் குறி வைக்காதீர்கள், மதியத்தில் இடம் மாறிவிடும். லீவரை முதலில் மெல்ல இழுத்து, முன் ஃபோர்க் அமுங்கியபின் இறுக்குங்கள். முன்சக்கரத்தில் எடை ஏறிய பிறகுதான் டயர் தரையைக் கவ்வும். படாரென்று பிடித்தால் எடை வருவதற்குள் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வளைவை நெருங்கும்போது அழுத்தத்தைச் சிறிது சிறிதாக விடுங்கள், ஒரேயடியாக விடாதீர்கள்.

மூன்றாம் செஷனில் டர்ன் 1, 2 (முதல் இரண்டு வளைவுகள்) மட்டும். செப்பாங்கில் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. டர்ன் 1 நீண்டு, போகப்போக இறுகும் வலது வளைவு. உள்ளே போகும் இடம் அகலமாக இருப்பதால் எல்லாரும் அவசரப்பட்டுத் திரும்பிவிடுவார்கள். பாதியில் இடப்பக்கம் ஒதுங்கி வெளியே வருவார்கள். உடனே டர்ன் 2 இடப்பக்கம் இறக்கத்தில் திரும்புகிறது, அதற்கோ வலப்பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். அப்போது சாய்ந்தபடியே பிரேக்கைப் பிடித்து முன்சக்கரத்தை இழந்துவிடுவார்கள். டர்ன் 1-இலிருந்து சீக்கிரம் வெளியே வரும் ஆசையை விட்டுவிடுங்கள். நேர்கோட்டிலேயே பிரேக் வேலையை முடித்து, வெளி ஓரத்திலேயே பொறுத்திருந்து தாமதமாகத் திரும்புங்கள். உள் ஓரத்தை ஒட்டியபடியே வெளியே வாருங்கள். டர்ன் 1-இல் மெதுவாகப் போனதுபோல் இருக்கும். டர்ன் 2 தாண்டி டர்ன் 3 நெடிய வலது வளைவுக்குள் த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) எப்போது திறக்க முடிகிறது என்று பாருங்கள், கணக்குப் புரியும்.

நான்காம் செஷன் டர்ன் 14, 15. டர்ன் 13-இல் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே டர்ன் 14-க்குப் பிரேக் பிடிக்க வேண்டும். பழகும்வரை மோட்டாரை ஒரு கணம் நிமிர்த்தி, பிரேக் பிடித்து, பிறகு திருப்புங்கள். நேரம் போகட்டும். பின் ஸ்ட்ரெய்ட் முடிவில் டர்ன் 15 இடது ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு). டர்ன் 12-க்குப் பிறகு டயரின் இடப்பக்கத்துக்கு வேலையே இருந்திருக்காது, நீண்ட ஸ்ட்ரெய்ட்டில் காற்றும் பட்டு ஆறியிருக்கும். 2016-இல் புதிதாக தார் போட்டபோது இந்த வளைவின் சரிவையும் மாற்றினார்கள். மோட்டார் நிமிரும்வரை த்ராட்டிலைத் திறக்காதீர்கள்.

ஐந்தாம் செஷன் இருந்தாலும் கை நடுங்கினால் போகாதீர்கள். களைத்த உடம்போடு கடைசி செஷனில் இறங்குவதற்குத் துணிச்சல் தேவையில்லை, உட்கார்ந்திருக்கத்தான் தேவை.

வெயிலும் மழையும்

லெதர் உடையின் உள்ளே வியர்வை எவ்வளவு போகிறது என்பது தெரியவே தெரியாது. வீட்டு எடை இயந்திரத்தைப் பிட்டுக்குக் கொண்டுவாருங்கள். செஷனுக்கு முன்னும் பின்னும் ஏறி நில்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அதைக் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். வெறும் நீர் மட்டும் போதாது, 100 பிளஸ் பானமோ உப்புப் போட்ட எலுமிச்சை நீரோ கூட இருக்கட்டும். காலையில் நாசி லெமாக் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடையை மாட்டினால் டர்ன் 9 ஏற்றத்தில் வாய்க்கு வரும். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். மதியச் சாப்பாட்டைத் தாப்பாவ் (பார்சல்) செய்து வைத்துக்கொண்டு, பாதியை மதியமும் மீதியைக் கடைசி செஷன் முடிந்த பிறகும் சாப்பிடுங்கள்.

பிற்பகலில் இடி மழை வருவது செப்பாங்கில் வழக்கம். சாலை டயர் என்றால் மழையிலும் ஓட்டலாம். ஆனால் காய்ந்த தரையில் நல்ல பிடிப்புத் தந்த ஓட்டப்பாதை, ரப்பர் படிந்திருப்பதால் நனைந்தவுடன் வழுக்கும். அதிலிருந்து ஒரு மீட்டர் விலகி ஓட்டுங்கள். டிராக் ஓரத்தில் பெயிண்ட் அடித்த கெர்ப்மேல் சக்கரம் படவே கூடாது.

ஞாயிறு: கிளம்பும் பயிற்சி

பந்தயத்தில் சேர்வதாக இருந்தால் காலையில் இரண்டு மூன்று ஸ்டார்ட் மட்டும் பழகுங்கள். அதற்குமேல் போனால் கிளட்ச் தட்டு எரியும். 6,000 ஆர்பிஎம்மில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 500 கூட்டிப் பாருங்கள். த்ராட்டிலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கிளட்சால் மட்டும் அளவிட வேண்டும். உடம்பு டேங்க்மேல் முன்னால் சாயட்டும். சக்கரம் தூக்கினால் கிளட்சைக் கொஞ்சம் உள்ளே இழுங்கள், த்ராட்டிலை மூடாதீர்கள்.

முதல் சுற்றில் டர்ன் 1-க்குக் கூட்டமாகப் போவீர்கள். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் நீங்களும் பிடிப்பீர்கள், அதாவது தாமதமாக. சனிக்கிழமை குறித்த பலகைக்குச் சற்று முன்பே பிரேக்கைத் தொடுங்கள். உள்பக்கம் இடைவெளி தெரிந்தாலும் நுழையாதீர்கள். அந்த வளைவு போகப்போக இறுகுவதால் இடைவெளி மூடிக்கொள்ளும்.

வீடு வந்ததும் நீரை வடித்துக் கூலண்டை ஊற்றுங்கள், இல்லையென்றால் அலுமினியம் அரிக்கும். காற்றை 29, 36-க்கு ஏற்றுங்கள். கண்ணாடிகளையும் நம்பர் பிளேட்டையும் மாட்டி, டேப் பசையை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, பின் பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரை நிற்கவைத்துப் பார்த்த பிறகுதான் திங்கட்கிழமை வேலைக்கு அந்த மோட்டாரை எடுக்க வேண்டும்.