பெரிய மரத் தட்டுகளை லேத்தில் பாதுகாப்பாகக் கடைவது எப்படி?

பெரிய தட்டைக் கடைபவர் முதலில் கணக்கிட வேண்டியது அதன் விளிம்பு ஓடும் வேகத்தை. 400 மி.மீ. விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 75 கி.மீ. வேகத்தில் செல்கிறது, அதே சுற்றில் 100 மி.மீ. கிண்ணத்தின் விளிம்பு 19 கி.மீ. வேகத்தைக்கூட எட்டுவதில்லை. சுழற்சி இரு மடங்கானால் மரத்தைப் பிய்த்தெறியும் விசை நான்கு மடங்காகிறது. அங்குலத்தில் அளந்த விட்டத்தைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வர வேண்டும் என்பது கடைசல் வேலையில் பரவலாக வழங்கும் கணக்கு. அதன்படி 16 அங்குலத் தட்டுக்கு 375 முதல் 560 சுற்று வரை போதும். இன்னும் உருண்டையாகாத கட்டையை இதற்கும் குறைவான வேகத்தில்தான் தொடங்க வேண்டும்; உங்கள் லேத் அவ்வளவு மெதுவாகச் சுற்றாது என்றால், அந்த அளவுத் தட்டை அதில் ஏற்றாதீர்கள்.

வெடிப்பு, ஆடும் கணு, உட்புகுந்த பட்டை ஆகியவை உள்ள பலகையை ஒதுக்கிவிடுங்கள். பசையிட்டு அடைத்த வெடிப்பை நம்பிப் பெரிய தட்டைச் சுற்ற விடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நல்ல பலகையை வட்டமாக அறுத்து, ஃபேஸ்பிளேட்டின் (மரத்தை லேத்தின் சுழலும் தண்டோடு பிணைக்கும் துளையிட்ட உலோக வட்டின்) எல்லாத் துளைகளிலும் தடித்த மர ஸ்க்ரூக்களை முடுக்குங்கள். ஜிப்சம் பலகைக்கான கருப்பு ஸ்க்ரூக்கள் பக்கவாட்டு விசையில் முறிந்துவிடும் என்பதால் அவை வேண்டாம். டெயில்ஸ்டாக்கை, அதாவது எதிர்ப்பக்கத்திலிருந்து மரத்தைத் தாங்கும் லேத்தின் நகரும் பகுதியை, எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் மரத்தோடு அழுத்தியே வைத்திருங்கள்.

சுவிட்சைத் தொடுவதற்கு முன் தட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். வேகத் திருகு மிகக் குறைந்த நிலையில் இருக்கட்டும். முழு முகக்கவசம் அணிந்து, விளிம்பு சுழலும் தளத்துக்கு நேராக நிற்காமல் விலகி நின்று இயக்கி, அதிர்வு தோன்றும் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் கூடாது.

கிண்ணம் கடையும் குழி உளியையே பயன்படுத்துங்கள். நீள்கட்டைகளை உருட்டும் அகலமான உளியைத் தட்டில் வைத்தால், கைப்பிடிக்குள் செருகியிருக்கும் அதன் மெல்லிய வால்பகுதி முறிந்துவிடக்கூடும். உளியின் சாய்முகம் (வெட்டுமுனைக்குப் பின்னால் சாய்வாகத் தீட்டிய பகுதி) முதலில் மரத்தைத் தொட வேண்டும், வெட்டுமுனை அதன்பின் இறங்க வேண்டும். அதுவும் மரம் கீழ்நோக்கி இறங்கும், உங்கள் பக்கத்துப் பாதியில் மட்டுமே.

தட்டின் உட்பக்கத்தைக் கடையும்போது பொறுமை மிகவும் தேவைப்படும். நடுவில் மரம் கனமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து இரண்டு அங்குல அகலத்தை இறுதித் தடிப்புக்குக் கொண்டுவந்து முடித்துவிடுங்கள், பிறகு படிப்படியாக உள்ளே செல்லுங்கள். நடுமரம் போனபின் மெல்லிய விளிம்பு அதிர்கிறது. உள்ளிறுக்கம் தளர்ந்து சற்றே வளைந்தும் விடுகிறது. அப்போது மீண்டும் அங்கே உளியை வைத்தால், சீரான சீறல் ஓசை கீச்சென்று மாறி, பரப்பில் வரிவரியாகத் தழும்பு விழும், அடுத்த நொடியே உளி மாட்டிக்கொள்ளவும் கூடும். ஓசை மாறிய உடனேயே உளியை எடுத்துவிடுங்கள்.

கடைந்த விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும். உப்புத்தாள் தேய்ப்பதற்கு முன் அந்த முனையை மழுக்கி, டூல் ரெஸ்ட்டை அகற்றி, தூசி முகமூடியுடன், மரம் கீழிறங்கும் பக்கத்தின் கீழ்ப்பாதியில் வைத்துத் தேயுங்கள். மெருகெண்ணெய் பூசத் துணிக்குப் பதிலாக எளிதில் கிழியும் காகிதத் துவாலையே ஏற்றது. துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.