உள்ளங்காலிலிருந்து தொடங்குங்கள்: கிளினிக் மருத்துவர்களுக்குத் தோல் புற்றுநோய்ப் பயிற்சி

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ உள்ள கிளினிக் மருத்துவர்களுக்குத் தோல் புற்றுநோயைக் கண்டறியப் பயிற்சி அளிப்போர், வெள்ளைத் தோலின் படங்கள் மட்டுமே நிரம்பிய பாடத்தை அப்படியே எடுத்து நடத்தக் கூடாது. தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோயான மெலனோமா நம்மவர்களிடம் அரிதுதான். ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என வெயில் அதிகம் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது.

நீரிழிவு நோயாளிகளின் கால்களை எப்படியும் பரிசோதிக்கிறோம் என்பதால், பயிற்சியை அந்த அறையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. குதிகால், விரலிடுக்கு, நகங்கள் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கச் செய்யுங்கள். நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. ஆகவே வழக்கமான சிகிச்சைக்கு ஆறாத எந்தப் புண்ணையும் 'சர்க்கரைப் புண்' என்று எழுதி முடித்துவிடக் கூடாது.

சமச்சீரின்மை, ஒழுங்கற்ற ஓரம், பல நிறம், 6 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டம் என்னும், மெலனோமாவின் நான்கு அடையாளங்கள் 1985இல் வகுக்கப்பட்டன. 'மாற்றம்' 2004இல் சேர்ந்தது. நகத்துக்கு இவை போதா. கருந்தோல் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது இயல்பே. ஒரே நகத்தில், குறிப்பாகக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, கோடு அகன்றுகொண்டே போவதும், நகத்தைச் சுற்றிய தோலுக்குக் கருமை பரவுவதும்தான் அஞ்ச வேண்டியவை. அடிபட்டுக் கட்டிய ரத்தம் நகம் வளர வளர முன்னோக்கி நகரும். நிறமிக் கோடு நகத்தின் அடியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். தீபாவளிக்கு இட்ட மருதாணி நகத்தில் இருந்தால், அது வளர்ந்து மறைந்தபின் மறுபடி வரச் சொல்லுங்கள்; ஐயம் வலுத்திருந்தால் காத்திருக்க வேண்டாம்.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியான டெர்மாஸ்கோப்பின் பயிற்சியில் நேரத்தைத் தாராளமாகச் செலவிடலாம். உள்ளங்கால் ரேகையின் மேட்டில் வியர்வைத் துளைகள் வெண்புள்ளிகளாக வரிசையில் தெரியும். நிறம் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் மெலனோமாவை ஐயுற வேண்டும். பிரித்தறிய முடியாதபோது மார்க்கர் மையைத் தடவித் துடைத்தால், பள்ளங்களில் மட்டும் மை தங்கிக் காட்டிக்கொடுக்கும். பயிற்சி பெறுவோர் முதலில் தங்கள் கைகளிலேயே இதைச் செய்து பார்க்கட்டும்.

ஐயத்துக்குரிய மச்சத்தைச் சுட்டெரிப்பதையோ மேலாகச் சீவுவதையோ கண்டிப்பாகத் தடுங்கள். கட்டியின் ஆழத்தை அளந்தே சிகிச்சை முடிவாகிறது, அந்த அளவு அப்போது கிடைக்காமலே போகலாம். தோல் நிபுணருக்கு எழுதும் கடிதத்தில் இடம், அளவு, மாற்றம் தொடங்கிய காலம் ஆகியவற்றோடு, அருகில் அளவுகோல் வைத்து எடுத்த படமும் இருக்க வேண்டும்.