சிறைப்பணிக்குப் போகிறவர்கள் அவசரத்தில் செய்யும் தவறுகள்

சிறையில் இருப்பவர்களைத் திருச்சபை சார்பில் போய்ப் பார்த்துத் துணை நிற்கும் சிறைப்பணியில் சேர வருகிறவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவே இருக்காது. "சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்" என்ற மத்தேயு 25-ஆம் அதிகார வசனத்தை மறையுரையில் கேட்டு, மனம் இளகி வந்திருப்பார்கள். சிக்கல் அவர்களுடைய அவசரத்தில் இருக்கிறது. ஆளைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டும், சீக்கிரம் திருத்த வேண்டும், வெளியே வந்ததும் சீக்கிரம் பங்கு (ஊர்க்கோயில்) மக்கள் முன்னால் நிறுத்த வேண்டும். இந்தப் பணியில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த அவசரத்தில்தான் முளைக்கின்றன.

முதல் சந்திப்பிலேயே "என்ன கேஸ்?" என்று கேட்பதை எடுத்துக்கொள்வோம். போலீஸ், வக்கீல், நீதிபதி, பக்கத்து அறைக்காரர் எல்லாரும் கேட்டு முடித்த கேள்வி அது. எதிரில் இருப்பவர் விசாரணைக் கைதியாகவும் இருக்கலாம். அவர் மேல் குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. வழக்கைப் பற்றி உங்களிடம் அவர் சொல்வது நாளைக்கு அவருக்கே எதிராகத் திரும்பலாம், உங்களைச் சாட்சிக் கூண்டுக்கும் இழுக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம். சாப்பிட்டீர்களா, தூக்கம் வருகிறதா, வீட்டிலிருந்து யாராவது வந்தார்களா என்று பேச எவ்வளவோ இருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தில் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) பலர் சறுக்குகிறார்கள். "நீங்க சொல்றது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்" என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை, அதாவது அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமை, மீற முடியாதது என்று திருச்சபைச் சட்டம் 983 சொல்கிறது. ஆனால் அது பாவசங்கீர்த்தனத்துக்கு உரியது, குருவைக் கட்டுவது. தன்னார்வலரோடு நடக்கும் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகவோ, இன்னொருவரைத் தாக்கத் திட்டம் இருப்பதாகவோ சொன்னால் நீங்கள் அதிகாரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும். அதை முதல் நாளே, சாதாரணக் குரலில் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அப்புறம் வாக்குறுதிகள். நேரம் முடிந்து கிளம்பும்போதுதான் இது வரும். கதவருகே ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஒரு நம்பர் தர்றேன், வீட்டுக்குப் போன் பண்ணி நான் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க" என்பார். கல் நெஞ்சக்காரருக்கும் மறுக்கத் தோன்றாது. ஆனால் அந்த எண் அவர் மனைவியுடையதா, அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகிறவருடையதா என்று உங்களுக்குத் தெரியாது. "நான் நல்லா இருக்கேன்" என்பதே மிரட்டலாகவும் இருக்கலாம். கடிதம், பணம், மாத்திரை எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஒருவர் இரக்கப்பட்டு எடுத்துப் போன ஒரு பொருளால் மொத்தக் குழுவுக்கும் கதவு மூடிவிடும். "அதற்கு எனக்கு அனுமதியில்லை. சிறையின் ஆன்ம குருவிடம் சொல்கிறேன், என்ன ஆயிற்று என்று அடுத்த முறை வந்து சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வந்து சொல்லுங்கள். பதில் "முடியாது" என்றாலும் பரவாயில்லை. ஜாமீன், வேலை, வீடு என்று பெரிய வாக்குகளைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவர்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

வெறுமனே வந்து நிற்பதற்கு மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று ரோமிலுள்ள காசல் தெல் மார்மோ இளையோர் சிறைக்குப் போய்ப் பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். 2025-இல் கடும் நோயிலிருந்து மீண்டிருந்த நேரம். பெரிய வியாழனன்று ரெஜினா சேலி சிறைக்குப் போனார். பாதம் கழுவ உடலில் தெம்பில்லை. இந்த ஆண்டு அதைச் செய்ய முடியவில்லை, ஆனாலும் உங்கள் அருகில் இருக்க விரும்பினேன் என்றார். அடுத்த திங்களன்று காலமானார்.

அவர் பாதம் கழுவியவர்களில் பிற மதத்தாரும் இருந்தார்கள் என்பதைச் சிறைக்குள் மதம் மாற்றக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். பூட்டிய இடத்தில் இருப்பவரால் எழுந்து போய்விட முடியாது. அவருக்குச் சோப்பும் பேச்சுத்துணையும் கொடுத்துவிட்டு ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசினால், அவருடைய "சரி"க்கு எவ்வளவு மதிப்பு? ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், கைதிக்கு மதப் பணியாளரைச் சந்திக்கும் உரிமையைத் தருகின்றன. அவர் வேண்டாம் என்றால் அதை முழுமையாக மதிக்க வேண்டும் என்றும் அதே விதி (65) சொல்கிறது.

மன்னிப்பிலும் அவசரம் உண்டு. "கடவுள் மன்னித்துவிட்டார், எல்லாம் முடிந்தது" என்று தோளில் தட்டிக்கொடுத்துவிடுகிறோம். லூக்கா 19-இல் வரி தண்டுவோர் தலைவரான சக்கேயு அப்படி விடவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவரே எழுந்து சொல்கிறார். பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்று வெளியே இருக்கிறது, அவர்களும் ஏதோ ஒரு பங்கில் பூசைக்கு வருகிறவர்களாக இருக்கலாம். மன்னிப்புக் கடிதம் எழுதவைத்து அதை நாமே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது மிகப் பெரிய தவறு. அவர்கள் கேட்டால், பயிற்சி பெற்ற நடுவர் வழியாக மட்டுமே.

இப்போது விடுதலைக்கு வருவோம். பெரும்பாலான குழுக்களின் பணி சிறை வாசலோடு நின்றுவிடுகிறது என்பது என் மனக்குறை. உள்ளே பாட்டு, செபம், கிறிஸ்துமஸ் விழா எல்லாம் அமர்க்களமாக நடக்கும். வெளியே வருகிற அன்று வாசலில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அன்று இரவு எங்கே படுப்பது? அடையாள அட்டை கையில் இருக்கிறதா? தினமும் சாப்பிடும் மாத்திரை எத்தனை நாளுக்கு மிச்சம்? விடுதலைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. போதைப் பழக்கம் இருந்தவருக்கு முதல் இரண்டு வாரங்கள் உயிருக்கே ஆபத்தானவை. உள்ளே இருந்த காலத்தில் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும், பழைய அளவே கொன்றுவிடும். "வீட்டுக்குப் போங்க, எல்லாம் சரியாயிடும்" என்று எல்லாருக்கும் சொல்லவும் கூடாது. அடிபட்ட மனைவி அந்த வீட்டில் இருந்தால், முதலில் அவரைக் கேட்க வேண்டும்.

பவுல் சிறையிலிருந்து அடிமை ஒனேசிமுவை அவனுடைய எஜமான் பிலமோனிடம் திருப்பி அனுப்பியபோது கையில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்பது அதன் சாரம். விடுதலையாகி வருகிறவரின் சம்மதத்தோடு பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசி, பூசையில் அவர் கூட உட்கார ஓரிருவரை ஏற்பாடு செய்வது அந்தக் கடிதத்துக்குச் சமம். இல்லையென்றால் முதல் ஞாயிறு எப்படிப் போகும்? கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பார். சமாதானம் பகிரும் நேரத்தில் முன்னால் இருப்பவர்கள் பக்கவாட்டில் திரும்புவார்களே தவிர, பின்னால் திரும்ப மாட்டார்கள். அடுத்த ஞாயிறு அவர் வர மாட்டார்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. வந்த மூன்றாவது வாரமே ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து "சாட்சியம் சொல்லுங்க" என்பது, படம் எடுத்துப் போடுவது. அவர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கும் அந்தப் படம் போகும். நம்பிக்கையைக் காட்டுகிறேன் என்று உடனே உண்டியல் சாவியைக் கொடுப்பதும் இதே ரகம்தான். சிறுவர்களுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவர் என்றால், எந்தப் பூசைக்கு வருவார், யார் உடன் இருப்பார், எங்கே போகக் கூடாது என்று எழுத்தில் உடன்பாடு வேண்டும். இதில் இரக்கம் காட்டி விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

சிலர் மறுபடியும் உள்ளே போவார்கள். அப்போது குழுவினர் வெட்கப்பட்டு, "இவ்வளவு செய்தும் இப்படிப் பண்ணிட்டானே" என்று போவதை நிறுத்திவிடுகிறார்கள். அவரும் உங்கள் முகத்தில் விழிக்கக் கூசுவார், சந்திப்புக்குப் பெயர் கொடுக்க மாட்டார். அடுத்த சந்திப்பு நாளிலேயே போங்கள். ஏன், எப்படி என்று கேட்க வேண்டாம். வீட்டுக்குத் தகவல் போயிற்றா என்று முதலில் கேளுங்கள்.