கடைக் கணினிகளைப் பூட்டும் ரேன்சம்வேர்

மதுரை கீழமாசி வீதி போன்ற கடைத்தெருக்களில் பில் போடும் கணினியும் கிடங்குக் கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், இன்வாய்ஸ் போல வரும் ஒரு மின்னஞ்சல் கோப்பைத் திறப்பதாலேயே ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) அனைத்துக் கணக்குகளையும் பூட்டிவிடக்கூடும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர், எவரும் எதையும் திறக்காமலேயே, விண்டோஸின் ஒரு குறைபாட்டின் வழியே கணினிக்குக் கணினி தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்ததால், அப்டேட்டைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது. கணக்குக் கோப்புகளை நாள்தோறும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்ததும் அதைக் கழற்றி வைக்க வேண்டும். செருகியே விட்டால் அந்த நகலும் சேர்ந்து பூட்டப்படும் (பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்). தாக்குதல் நேர்ந்தால் முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிட்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ சைபர் குற்றப் பிரிவு காவல்துறையிடமோ புகார் அளியுங்கள். கேட்ட பணத்தைக் கட்டினாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை.