சுவிட்ச் ஸ்டாக்: பவர் போடும் முன்பே முடிக்க வேண்டிய வேலை

பல நெட்வொர்க் சுவிட்சுகளைத் தனிக் கேபிளால் இணைத்து ஒரே சுவிட்ச் போல இயக்குவதுதான் ஸ்டாக். அதில் வரும் சிக்கல்களில் பல, இரண்டு எண்களைக் கவனிக்காமல் விட்டதால் வருபவை: மெம்பர் எண் (ஸ்டாக்கில் அந்தச் சுவிட்சின் எண்), பிரையாரிட்டி (எது தலைமை ஏற்கும் என்பதற்கான முன்னுரிமை எண்). இங்கே சொல்லப்படும் கட்டளைகள் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 வரிசைக்கானவை. இதில் ஒரு ஸ்டாக்கில் 8 சுவிட்ச் வரை சேர்க்கலாம். 9300எல் மாடலை 9300-உடன் கலக்க முடியாது. வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஒவ்வொரு சுவிட்சையும் தனியாக, ஸ்டாக் கேபிள் இல்லாமல் இயக்குங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஐஓஎஸ் எக்ஸ்ஈ (சுவிட்சின் இயக்க மென்பொருள்) பதிப்பு, ஒரே லைசென்ஸ் நிலை, இன்ஸ்டால் மோட் (மென்பொருளைத் தொகுப்புகளாகப் பிரித்து நிறுவி இயக்கும் முறை) இருக்க வேண்டும். பிறகு எண்ணும் பிரையாரிட்டியும். ஆக்டிவ், அதாவது ஸ்டாக் முழுவதையும் நடத்தும் தலைமை, ஆக வேண்டிய சுவிட்சில் 'சுவிட்ச் 1 பிரையாரிட்டி 15' என்று கொடுங்கள். மற்றவை எல்லாம் புதிதாக வரும்போது எண் 1, பிரையாரிட்டி 1 என்றே இருக்கும். அதனால் அடுத்ததில் 'சுவிட்ச் 1 ரீநம்பர் 2' கொடுத்து, ரீலோடு செய்து, அதன்பின் 'சுவிட்ச் 2 பிரையாரிட்டி 14'. மூன்றாவது முதல் ரீநம்பர் மட்டும் போதும். ரீலோடு ஆகும்வரை புதிய எண் நடைமுறைக்கு வராது.

வேறு இடத்தில் ஓடிய பழைய சுவிட்சைச் சேர்ப்பதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இந்த இரண்டு எண்களும் கான்ஃபிக் ஃபைலில் இல்லை, அந்தந்த சுவிட்சுக்குள்ளேயே பதிந்திருக்கும். 'ரைட் எரேஸ்' கொடுத்துச் சேமித்த கான்ஃபிக்கை அழித்தாலும் பழைய பிரையாரிட்டி 15 அப்படியே நிற்கும்.

இப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேபிள் மாட்டுங்கள். ஒன்றின் முதல் ஸ்டாக் போர்ட்டிலிருந்து அடுத்ததன் இரண்டாம் போர்ட்டுக்கு, கடைசியிலிருந்து மறுபடி முதலாவதற்கு. வளையம் மூட வேண்டும். கேபிள்கள் 50 செ.மீ., 1 மீ., 3 மீ. நீளங்களில் கிடைக்கும். அடுத்தடுத்து வைத்த 4 சுவிட்சுக்கு 50 செ.மீ. மூன்று, மேலிருந்து கீழே திரும்பி வர 1 மீ. ஒன்று. இரண்டு பக்கத் திருகையும் விரலால் சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் கனெக்டர் சாய்ந்து, லிங்க் விட்டுவிட்டு வரும்.

ஆக்டிவ் ஆக வேண்டியதற்கு முதலில் பவர் கொடுங்கள். மற்றவற்றையும் 120 விநாடிக்குள் போட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்குள் வந்தவை மட்டுமே தேர்வில் பங்கேற்கும். அதிக பிரையாரிட்டி உள்ளது ஆக்டிவ் ஆகும். சமமாக இருந்தால் குறைந்த மேக் முகவரி (சாதனத்தில் பதிந்த வன்பொருள் முகவரி) உள்ளது வெல்லும். தாமதமாக வந்த சுவிட்சிடம் 15 இருந்தாலும் அது பதவியைப் பிடுங்காது.

'ஷோ சுவிட்ச்' கொடுத்தால் எல்லாம் 'ரெடி' என்று வர வேண்டும். 'வி-மிஸ்மேட்ச்' என்றால் மென்பொருள் பதிப்பு பொருந்தவில்லை. 'இன்ஸ்டால் ஆட்டோஅப்கிரேட்' சரிசெய்யும், இன்ஸ்டால் மோடில் இருந்தால் மட்டும். அடுத்து 'ஷோ சுவிட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ் சம்மரி'. அதில் லிங்க் எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கை இருக்கும். பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்; ஏறியிருந்தால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் கேபிளை மாற்றுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே வேண்டாம். வளையத்தில் ஒரு கேபிள் போனாலும் ஸ்டாக் பாதித் திறனில் ஓடிக்கொண்டே இருக்கும், பயனர் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். இரண்டாவதும் போனால்தான் தெரியும்: ஸ்டாக் இரண்டாகப் பிளந்து, இரு பாதியும் ஒரே ஐபியோடு இயங்கும். அப்படி ஆகிவிட்டால் சிறிய பாதியை அணைத்து, கேபிளைச் சரிசெய்து, பிறகு பவர் கொடுங்கள்.

அப்லிங்க்குகளை (மேல்நிலை நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்புகளை) ஒரே சுவிட்சில் குவிக்காதீர்கள். முதல் மெம்பரிலிருந்து ஒன்று, கடைசி மெம்பரிலிருந்து ஒன்று எடுத்து எல்ஏசிபி போர்ட்-சேனலாக, அதாவது பல இணைப்புகள் ஒன்றாக இயங்கும் ஒரே இணைப்பாக, கட்டுங்கள். ஒரு சுவிட்ச் முழுதாகப் போனாலும் வழி திறந்திருக்கும்.

ஓடும் ஸ்டாக்கில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது அது அணைந்திருக்க வேண்டும். பவரோடு மாட்டினால் ஸ்டாக் அதை இன்னொரு ஸ்டாக்காகவே பார்க்கும். இரண்டும் இணையும்போது தோற்ற பக்கம் முழுவதும் ரீலோடு ஆகும். தோற்பது உங்கள் ஓடும் ஸ்டாக்காகவும் இருக்கலாம். வளையத்தை ஒரே இடத்தில் மட்டும் திறந்து புதியதை நடுவில் சேருங்கள்.

பழுதான மெம்பரை மாற்றுவது எளிது. அதே மாடலுக்கு அதே எண்ணை முன்கூட்டியே கொடுத்து, அணைத்த நிலையில் மாட்டிப் பவர் போட்டால் பழைய போர்ட் அமைப்புகள் தானாக அதில் ஏறும், ஏனெனில் அவை எண்ணோடு கட்டப்பட்டவை. கிகாபிட்ஈதர்நெட் 3/0/12 என்பதில் முதல் 3 அந்த மெம்பர் எண்தான். எண்ணை மறந்து மாட்டி, அதற்கு வேறு எண் கிடைத்தால் போர்ட்டுகள் வெறும் அமைப்போடு எழும், நீங்கள் அமைத்த விலேன் (நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் அமைப்பு) எதுவும் இருக்காது. மெம்பரை நிரந்தரமாக எடுத்துவிட்டால் 'நோ சுவிட்ச் 3 ப்ரொவிஷன்' கொடுத்துப் கான்ஃபிக்கில் உள்ள பழைய வரிகளை நீக்கி, 'ரைட் மெமரி' கொடுத்துச் சேமியுங்கள்.