பெருங்குடல் அழற்சியோடு வாழ்பவர்கள் அறிய வேண்டியவை

மலத்தில் இரத்தம் கண்டதும் மூலம் என்று தாமே முடிவு செய்துகொண்டு, களிம்பு தடவியே மாதங்களைக் கடத்துபவர்கள் பலர். இரத்தத்தோடு சளியும் கலந்து வந்தாலோ, இரவில் தூக்கம் கலைந்து மலம் கழிக்க எழ நேர்ந்தாலோ, வயிறும் குடலும் சார்ந்த சிறப்பு மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் கொலனோஸ்கோபியும் (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) திசுப் பரிசோதனையும் செய்துகொள்வதே முறை. பெருங்குடலின் உட்சுவரில் புண் உண்டாக்கும் அழற்சியான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும். இன்னொரு வகைக் குடல் அழற்சியான குரோன்ஸ் நோயோ வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் திட்டுத்திட்டாகத் தோன்றலாம். நம் நாட்டில் குடல் காசநோயும் குரோன்ஸைப் போலவே தோற்றம் தருவதாலும், காசநோய் இருக்கும்போது அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தனியே கொடுத்தால் அது பெருகிவிடக்கூடும் என்பதாலும், மருத்துவர் கேட்கும் கூடுதல் பரிசோதனைகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

குடல் அழற்சி நோய் முற்றிலும் விலகுவதில்லை. அடங்கும், மீண்டும் கிளம்பும். ஆகவே நலமாக இருக்கும் காலத்தில்தான் சிகிச்சையில் கவனம் அதிகம் தேவை. கொலைட்டிஸ் உள்ளவர்களில் பலருக்கு நோயை அடக்கி வைத்திருப்பது மெசலமைன் மாத்திரை. இரத்தம் நின்றுவிட்டது என்று அதை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு அடிக்கடி காரணமாகிறது. ஸ்டீராய்டு கிளம்பிய நோயைத் தணிக்க மட்டுமே உரியது. அதை ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் தவறு, பல வாரங்கள் எடுத்த பின் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

மெசலமைன் எனிமா (புட்டியிலிருந்து ஆசனவாய் வழியே செலுத்தும் திரவ மருந்து) தரப்பட்டவர்கள் கூச்சத்தால் அதைத் தவிர்ப்பது வருத்தம் தருகிறது, ஏனெனில் குடலின் கடைப்பகுதிப் புண்ணுக்கு மருந்தை நேரே சேர்ப்பது அதுதான். இரவு மலம் கழித்த பின் படுக்கையில் பழைய துணி விரித்து, இடப்பக்கமாகப் படுத்து, இடது காலை நீட்டி வலது முழங்காலை மடக்கிக்கொண்டு, புட்டியை மெதுவாக அழுத்த வேண்டும். பிறகு அரைமணி நேரமாவது அப்படியே படுத்திருந்தால் மருந்து உள்ளே தங்கும்.

உணவில் எல்லோருக்கும் பொதுவான பத்தியம் என்று ஒன்றில்லை. நோய் கிளம்பியிருக்கும்போது இட்லி, குழைந்த சோறு, முட்டை, தோல் நீக்கி வேகவைத்த காய் ஆகியவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அடங்கிய பின் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிட வேண்டும். அஞ்சி அஞ்சி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் எடை குறைந்து இரத்தசோகைதான் மிஞ்சும். தலைவலி, மூட்டுவலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அவை நோயைக் கிளறிவிடக்கூடும் என்பதால் பாரசிட்டமாலே பொருத்தம்.

ஒரு நாளில் 6 முறைக்கு மேல் இரத்தத்தோடு மலம் போய், காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய் தொடங்கி சுமார் 8 ஆண்டுகள் ஆனவர்கள், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காகக் கொலனோஸ்கோபி செய்துகொண்டு, அடுத்தது எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.